ஐந்து என்று எழுதினேன்

மூன்று நட்சத்திரங்கள்தான் தெரிந்தன. நான் ஐந்து என்று எழுதினேன்.

காலை எட்டேகால் மணி. வெளியே பளீரென்ற வெயில். கறுப்புத் திரைக்கு இந்தப் பக்கம், கையை நீட்டினால் சுவரில் முட்டும் எங்கள் அறையில், ஒரு ஊதா விளக்கு, இரண்டு முக்காலிகள், எண்ணெய் வாடை. விளக்குக்குக் கீழே உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு. அதில் வேண்டுமென்றே உண்டாக்கிய ஐந்து விரிசல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நட்சத்திரம் மாதிரி கால் விரித்திருக்கும். முதலாவது சட்டைப் பொத்தான் அளவு. அங்கிருந்து சிறுத்துக்கொண்டே வந்து ஐந்தாவது கடுகைவிடச் சின்னது. ஒளிரும் எண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டு ஊதா விளக்கில் காட்டினால், விரிசலுக்குள் ஒளிந்துகொண்ட எண்ணெய் மட்டும் பச்சையாக மினுங்கும். ஐந்தும் தெரிந்தால் அன்றைக்கு எண்ணெய் சரி, விளக்கு சரி, பார்ப்பவன் கண்ணும் சரி. அதை நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வேலையைத் தொடலாம்.

"என்ன மாமா, அஞ்சும் இருக்கா?" என்றான் பக்கத்து முக்காலியிலிருந்த என் மைத்துனன்.

"உங்கக்கா மூஞ்சியைவிடத் தெளிவா இருக்கு."

அவன் சிரித்தான். ஊதா விளக்கில் ஆள் தெரியாது. பல் மட்டும் வெள்ளை நீலமாக மின்னும். அந்தரத்தில் தொங்கிய அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நோட்டை மூடினேன்.

பதினாறு வருடமாகப் பார்க்கும் தகடு. எந்த நட்சத்திரம் எந்த மூலையில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விரல் வைத்துக் காட்டுவேன். என் திருட்டுக்கு அதுதான் சாவி.

பேருந்துகளின் முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் இரும்புத் துண்டுக்கு எங்கள் பாஷையில் நக்கிள் என்று பெயர். முழங்கை நீளம், கைக்குழந்தை கனம். அதில் மயிரிழை விரிசல் இருந்தாலும் ஓடும் வண்டியில் ஒரு நாள் அது வாய் பிளக்கும். பிளக்குமுன் கண்டுபிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. வெளிச்சத்திலிருந்து வரும் கண் இருட்டுக்குப் பழக, உள்ளே வந்ததும் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும் என்பது விதி. "சும்மா உக்காந்து சம்பாதிக்கிறது உலகத்துல ரெண்டே பேரு. சாமியாரும் நீங்களும்" என்பார் கேன்டீன்காரர்.

தொழிற்சாலையில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆந்தை. வாசல் காவலாளிகூட "ஆந்தை சார் வந்தாச்சு, இனிமே சூரியன் தேவையில்ல" என்றுதான் சலாம் வைப்பார். மற்றவர்களுக்கு ஐந்து நிமிடம் என்றால் எனக்கு இரண்டு. இருட்டு எனக்கு மெல்ல விடியும். முதலில் மேசை விளிம்பு, பிறகு முக்காலியின் கால்கள், பிறகு என் விரல்கள். அந்தப் பெயரில் எனக்கு எத்தனை கர்வம் இருந்தது என்பதை, அது பொய்யான பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பொய்யாகி நான்கு மாதம்.

மூன்று வருடத்துக்கு முன் எனக்கு டைபாய்டு வந்தது. அப்படித்தான் எல்லோருக்கும் தெரியும். உண்மையில் வந்தது வேறு. பத்து நாள் விடுப்பில் வீட்டிலிருந்தபோது எனக்குத் தூக்கம் நின்றுபோனது. களைப்பே இல்லை. உலகம் முழுவதும் விரிசலாகத் தெரிந்தது. தேறாத நக்கிளில் நாங்கள் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போடுவோம். வேலைப்பையில் ஒரு டப்பா இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வீட்டுச் சுவர்களில் போட்டேன், பாத்திரங்களில் போட்டேன், ஃப்ரிட்ஜில் போட்டேன், எதிர்வீட்டுக்காரர் பைக்கில் போட்டேன். கடைசியாக என் மகளின் பள்ளிப் பையில். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. அழவில்லை. பையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, நானும் தேறாதா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன் என்று என் மனைவி பிற்பாடு சொன்னாள். எனக்கு நினைவில்லை. நினைவில்லாத ஒன்றுக்கு வெட்கப்படுவது எவ்வளவு கொடுமை தெரியுமா? எல்லை தெரியாது. இன்னும் என்னென்ன செய்தோமோ என்று தோண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

மருத்துவமனையில் மூன்று வாரம். மனநிலை ஏறி இறங்கும் வியாதி என்றார்கள். லித்தியம் என்று ஒரு வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று. என் மனைவி அதை ஒரு வைட்டமின் டப்பாவில் கொட்டி வைத்தாள். தன் அம்மாவிடமும் தம்பியிடமும் டைபாய்டு என்றாள். பெண் கொடுத்த வீட்டில் என் தலை குனியக் கூடாதாம். தலை குனியாமல் பார்த்துக்கொள்ள அவள்தான் ஒவ்வொரு விசேஷத்திலும் ஒவ்வொரு பொய்யாகச் சொல்லிக்கொண்டு நின்றாள்.

நான்கரை மாதத்துக்கு முன் டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள், ஐந்து நிமிடம் ஆகியும் மேசை விளிம்பு வரவில்லை. ஏதோ தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். மறுநாளும் வரவில்லை. சினிமா தியேட்டரில் வேறு யாரோ ஒரு அம்மாள் மடியில் உட்காரப் போனேன். படிக்கட்டில் இல்லாத படியை மிதித்தேன். தகட்டில் ஐந்தாவது நட்சத்திரம் போனது. அப்புறம் நான்காவது. அன்றைக்கே திரையை விலக்கி வெளியே வந்து, "எனக்குத் தெரியல" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் மாத்திரை வரும். மாத்திரை வந்தால் சிவப்புப் பெயிண்ட் வரும். ஐந்து என்று எழுதினேன். ஒரு தடவை எழுதியவனுக்கு மறுநாள் கை தானாகவே எழுதியது.

முதலில் சொன்ன அந்தக் காலையில், பத்தரை மணிக்குத் திரைக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. "ரெண்டு பேரும் வெளிய வாங்க."

தரப் பிரிவு மேடம். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் போட்டிருப்பார். அதிர்ந்து பேசி நான் கேட்டதில்லை. அவர் மேசையில் ஒரு நக்கிள் கிடந்தது. கழுத்துப் பக்கம் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு விரிசல், யாரோ சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தார்கள். பேருந்து கட்டும் இடத்தில், பூட்டுவதற்கு முன் துணியால் துடைத்த ஒரு தொழிலாளி நகத்தில் தட்டுப்பட்டதாம். நகத்தில்! விளக்கில்லை, எண்ணெயில்லை, ஆந்தையில்லை.

"யார் முத்திரை இது?"

"என்னுது மேடம்" என்றான் மைத்துனன்.

அவன் முத்திரைதான். ஆனால் பார்த்த கண் என்னுடையது. பார்ப்பவன்தான் முத்திரை குத்த வேண்டும் என்பது விதி. எங்களுக்குள் வேறு ஒரு பழக்கம். துண்டைத் தூக்கித் திருப்பிக் காட்டுவது அவன். பார்த்து 'சரி', 'தள்ளு' என்று சொல்வது நான். முத்திரையை மட்டும் பாதித் துண்டில் அவனுடையது, பாதியில் என்னுடையது என்று அவனே குத்திவிடுவான், காகிதத்தில் இருவரும் சமமாக உழைத்த மாதிரி இருக்க. "ஆந்தையே இருக்கும்போது எங்கண்ணு எதுக்கு மாமா, டார்ச்சுக்கு முன்னாடி தீக்குச்சி மாதிரி" என்பான். அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான்.

"எப்படி விட்டீங்க?"

அவன் நக்கிளைப் புரட்டிப் பார்த்தான். என் பக்கம் ஒரு பார்வைகூடத் திரும்பவில்லை. "தள்ளு பக்கம் வைக்க வேண்டியதைக் கைமாறி இந்தப் பக்கம் வச்சிட்டேன் மேடம். அப்படித்தான் நடந்திருக்கணும்."

அவன் என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். வெளியே வந்ததும் தெரிந்தது, அவன் நிஜமாகவே அப்படி நம்புகிறான்.

"மன்னிச்சுக்கோங்க மாமா. நீங்க தள்ளுன்னுதான் சொல்லியிருப்பீங்க. என் கவனம் எங்க போச்சோ. சின்னவளுக்குப் பல் முளைக்குது, வீட்ல யாருக்கும் தூக்கமில்ல" என்று தலையில் அடித்துக்கொண்டான். "உங்க பேரையில்ல கெடுத்துட்டேன்."

நான் அவன் தோளைத் தட்டினேன். தட்டிய இந்தக் கையை என்ன செய்தால் தகும்?

மேடம் என்னை மட்டும் திரும்பக் கூப்பிட்டார். "நாளைக்கு ஒன்பது மணிக்கு வேற தகடு கொண்டு வரேன். யாரும் பாக்காதது. உங்க மச்சானைப் பார்க்கச் சொல்லப் போறேன். அவருக்குக் கண்ணு சரியில்லன்னா வேற வேலை கொடுத்துடலாம். கண்ணு நல்லாயிருந்தும் விட்டிருக்கார்னா அது அலட்சியம். அலட்சியத்துக்கு இங்க இடமில்ல. உங்களுக்கே தெரியும்."

தெரியும். அவன் கண் பழுதே இல்லாதது. நாளை எத்தனை நட்சத்திரம் வைத்தாலும் எண்ணிவிடுவான். எண்ணி முடித்ததும் வேலை போய்விடும்.

"மத்த பீஸ் எல்லாம்?" என்று கேட்டேன்.

"கைமாறினது ஒண்ணுதானே? மத்ததுக்கு நீங்கதான் இருக்கீங்களே" என்றார்.

நான்கு மாதத்து நக்கிள்கள். எல்லாம் எங்கெங்கோ சாலையில் திரும்பிக்கொண்டிருக்கின்றன.

மாலையில் பேருந்தில் முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் இருக்கையில் உட்கார்ந்தேன். வழக்கமாக ஜன்னல் தேடுகிறவன். வளைவுகளில் கீழிருந்து வந்த ஒவ்வொரு சத்தத்தையும் பல்லால் கடித்துக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு பெண் நின்றபடியே குழந்தைக்குப் பால் பாட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து இடம் கொடுக்கப் போனவன், இந்த இடத்தையா என்று நினைத்து நின்றுவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

வீட்டு நிறுத்தத்தில் இறங்கவில்லை. நேராக டாக்டரிடம் போனேன்.

"கண்ணுல ஏதாவது தொந்தரவு இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கேனே" என்றார்.

"இல்லன்னு சொன்னேன் சார்."

"ஸ்டோர்ல வேலைன்னு நீங்கதான் எழுதிக் குடுத்திருக்கீங்க. என்ன வேலை அது?"

"இருட்டுல உக்காந்து பாக்கற வேலை சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். இந்த மருந்து சிலருக்குக் கண்ணின் ஒளி உணர்வைக் குறைக்கக்கூடும், எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, சாதாரண வேலையில் இருப்பவருக்கு ஆனாலும் தெரியாமலே போகலாம் என்றார். அளவை மறுபடி பார்க்கலாம், அதற்கு முன் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார். "தானா நிறுத்திடாதீங்க. மத்த எதை வேணும்னாலும் மறைங்க, அதை மட்டும் செய்யாதீங்க." பிறகு ஒரு வெள்ளைத் தாளில் நான்கு வரி எழுதினார். இருட்டில் பார்த்துச் சோதிக்கும் வேலையில் இப்போதைக்கு இவரை வைக்க வேண்டாம் என்று. "குடுக்கறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். ஆனா இதை ஏன் எழுதினேன்னு யோசிங்க." மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

என் மனைவி எல்லாவற்றையும் அடுப்படியில் நின்றபடியே கேட்டாள். தம்பி ஏற்கெனவே போன் செய்து அழுதிருக்கிறான். கூடத்தில் மகள் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"நாலு மாசமா?" என்றாள்.

"நாலு மாசமா."

"எங்கிட்டகூடச் சொல்லல."

"சொன்னா மாத்திரையைப் பத்திப் பேசணும். உனக்குத்தான் அந்தப் பேச்சே..."

"எனக்கா?" கரண்டியை வைத்தாள். "மூணு வருஷமா டைபாய்டு டைபாய்டுன்னு ஊருக்கெல்லாம் சொல்லி நாக்குத் தேஞ்சு போனவ நான். இப்ப பழியும் எம்மேலயா?"

"மாத்திரையை ஒரு பத்து நாள் நிறுத்தினா கண்ணு திரும்பிடும். நாளைக்கு மட்டும் எப்படியாவது சமாளிச்சுட்டா..."

அவள் பாத்திர அலமாரியின் கதவை முழுதாகத் திறந்து உள்பக்கத்தைக் காட்டினாள். அங்கே இருந்தது. சிவப்பு. ஒரு முழ நீளத்துக்குப் பெருக்கல் குறி. என் கைவேலை. கீழ்க்கோட்டில் பெயிண்ட் வழிந்து காய்ந்திருந்தது.

"வீடு பூரா நான்தான் சுரண்டினேன். இதை மட்டும் விட்டேன். ஏன்னு என்னைக்காவது கேட்டீங்களா?"

நான் அந்த அலமாரியைத் தினமும் திறக்கிறவன் இல்லை. அவள் திறக்கிறவள். தினமும் எத்தனை தடவை!

"நிறுத்தலாமான்னு உங்களுக்குத் தோணுற அன்னிக்குக் காட்டறதுக்கு" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "எந்தம்பி பாவம்ங்க. அவன்கிட்ட என்னால சொல்ல முடியாது. நான் பொய் சொன்னவ. நீங்களே சொல்லுங்க. எப்படியோ சொல்லுங்க." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாப்பிட உக்காருங்க" என்றாள். கூடத்தில் முணுமுணுப்பு எப்போதோ நின்றிருந்தது.

மறுநாள் எட்டு மணிக்கே உள்ளே போய்விட்டோம். திரையை இழுத்துவிட்டு முக்காலிகளில் உட்கார்ந்தோம். ஐந்து நிமிடம். சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது. முகம் தெரியாது. வாயைத் திறந்தேன். "குழந்தைக்குப் பல் வந்துடுச்சா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு வந்திருக்கு மாமா. என் விரலைத்தான் முதல்ல கடிச்சுப் பாத்துச்சு." "வேலை போச்சுன்னா வீட்ல இருந்து கடி வாங்க வேண்டியதுதான்" என்றான்.

நேரம் முடிந்ததும் கடிகாரம் பீப் என்றது. அவன் ஊதா விளக்கைப் போட்டான். பழைய தகட்டை எடுத்து வைக்கப் போனவன் நின்றான்.

"மாமா, பையில என்ன அது? தீப்பிடிச்ச மாதிரி!"

குனிந்து பார்த்தேன். டாக்டரின் கடிதம். பதினாறு வருடம் இந்த விளக்கோடு குடும்பம் நடத்தியவனுக்கு மறந்துபோயிருந்தது, வெள்ளைத் தாள் இந்த வெளிச்சத்தில் எப்படி எரியும் என்று. பையின் விளிம்புக்கு மேலே நீண்டிருந்த இரண்டு விரல் அகலத் தாள் பற்களைவிட வெள்ளையாக, நட்சத்திரங்களைவிட வெள்ளையாக, அந்த அறையில் இருந்த ஒரே பொருள் அதுதான் என்கிற மாதிரி ஒளிர்ந்தது. கையால் பொத்தினேன். விரலிடுக்கில் கசிந்தது.

"லெட்டர்."

"யாருக்கு?"

"மேடத்துக்கு" என்றேன். அப்புறம் சொல்லத் தொடங்கினேன். பெயிண்டிலிருந்து தொடங்கினேன். எதிர்வீட்டு பைக், மகளின் பை, மூன்று வாரம், வைட்டமின் டப்பா. அந்த நக்கிளுக்கு வந்தேன். "நான் 'சரி'ன்னு சொன்னேன். நீ கைமாத்தி வைக்கல. எனக்குத் தெரியல, மாப்ளே. நாலு மாசமா எனக்குத் தெரியல."



"டைபாய்டுன்னு ரெண்டு கிலோ ஆரஞ்சு தூக்கிட்டு வந்தேன்" என்றான். "அக்கா வாசல்லயே வாங்கிட்டு அனுப்பிட்டா. ஒட்டிக்கும்னு சொன்னா."



தகட்டை விளக்குக்குக் கீழே வைத்தான். "இப்ப எத்தனை தெரியுது?"

நேர்மையாக எண்ணினேன். எண்ணுவதற்கு நேரமே ஆகவில்லை. "மூணு."

"எனக்கு அஞ்சும் தெரியுதே மாமா" என்றான் மெதுவாக. அதில் குத்தல் இருந்ததா என்று நான் தேடவில்லை. அவனுக்கே அது புதுச் செய்தி போலிருந்தது. பார்த்திருந்தால் நான்கு மாதமும் அவனுக்குத் தெரிந்திருக்கும். நான் இருந்ததால் அவன் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"இன்னும் கொஞ்சம் இருந்து பாருங்க. யாரும் துரத்தல."

பார்த்தோம். கடிதத்தை எடுத்துக் குப்புறத் தொடையில் வைத்து உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். பதினைந்தும் ஆகியிருக்கலாம். வலது மூலையில், எனக்குத் தெரிந்த அந்த இடத்தில், பச்சையாக ஏதோ துளிர்த்த மாதிரி இருந்தது. நான்காவது. வந்ததா, நினைவிலிருந்து நானே எடுத்து வைத்தேனா? என்னால் சத்தியம் செய்ய முடியவில்லை. சொந்தக் கண்ணையே சாட்சிக்கூண்டில் ஏற்றி நம்பாமல் நிற்பது அதுதான் முதல் தடவை.

திரைக்கு வெளியே செருப்புச் சத்தம் வந்து நின்றது. அடியில் இருந்த வெளிச்சக் கோட்டில் இரண்டு பாதங்களின் நிழல் விழுந்தது.

"உள்ள வரலாமா?" மேடத்தின் குரல். "புதுத் தகடு கொண்டு வந்திருக்கேன்."

நான் நோட்டைத் திறந்தேன். தாள் பளீரென்று எழுந்தது. நேற்று வரை எழுதிய பக்கம். ஒன்றுக்குக் கீழே ஒன்றாக ஐந்து, ஐந்து, ஐந்து என்று என் கையெழுத்து, ஒரே சாய்வில், பள்ளிக்கூடப் பையன் நூறு தடவை எழுதிய தண்டனை மாதிரி. அதற்கு அடுத்த வரியில் மூன்று என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். கடிதத்தை அதன்மேல் விரித்து வைத்தேன்.

"வாங்க மேடம்" என்றேன்.

திரையின் ஓரத்தை ஒரு கை பிடித்தது. விலக்கினால் வெயில் உள்ளே பாயும், எல்லாம் கரைந்துவிடும். அதற்கு முன்னால் அவன் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினேன். எப்போதும் அந்த உயரத்தில்தான் அவன் பற்கள் தெரியும். வெள்ளை நீலமாக, சின்னதாக ஒரு கோடு தெரிந்தாலும் போதும் எனக்கு.

ஒன்றும் இல்லை. அவன் வாயை மூடிக்கொண்டிருந்தானா, என் கண்ணுக்குத்தான் எட்டவில்லையா? கண்ணை இடுக்கிக்கொண்டு, திரை வளையங்கள் கிறீச்சிடும் சத்தத்தைக் கேட்டபடி, அந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.